யார் இடம் மாறுவது?

எங்க நைனாவைத் தூக்கிக்கொண்டு போனபோது கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பாடையோடு நின்றோம். 2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை காலை. கடப்பாக்கத்தில் எங்கள் காலனி சாலைக்கு மேற்கே இருக்கிறது. சுடுகாடு கிழக்கே, உப்பங்கழி ஓரம். சின்னச் சாலையாக இருந்தவரை இது ஒரு பிரச்சினையே இல்லை. மாட்டு வண்டி வந்தால் அது நின்று நமக்கு வழிவிடும். சாலை அகலமாகி, சுங்கம் வசூலிக்கிற சாலையாகி, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பறக்கிற சாலையான பிறகு, செத்தவர்களைக் கரைசேர்ப்பதே எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

எங்கள் பையன்கள் இரண்டு பேர் முன்னால் ஓடிப்போய்ச் சிவப்புத் துண்டை ஆட்டினார்கள். லாரிக்காரர் நிறுத்தினார். பஸ்ஸும் நின்றது. நிற்காமல் போனவை மோட்டார் பைக்குகள். சனி, ஞாயிறு காலையில் சென்னையிலிருந்து கும்பலாக வருகிற விலையுயர்ந்த பைக்குகள். தோலாடை, தலைக்கவசம். முகம் தெரியாது. ஒன்று போனால் அடுத்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. நைனாவின் கால் பக்கம் என் தோளில் இருந்தது. பறை அடித்தவர் அடிப்பதை நிறுத்திவிட்டார். யாரோ பின்னாலிருந்து, "போவட்டும் வுடுங்கடா, அவனுங்க போய்ட்டா நாம போவலாம்" என்றார்கள். செத்தவரும் காத்திருந்தார்.

இதற்கு முன்பே நாங்கள் மனு கொடுத்திருக்கிறோம். சாலைக்கு அடியில் ஒரு வழி போட்டுக் கொடுங்கள் என்று கேட்டோம். மனுவை வாங்கிய அதிகாரி நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லித்தான் பேசினார். "ரோட்டை நகத்த முடியாதுப்பா. சுடுகாட்டை வேணும்னா அந்தப் பக்கமே மாத்திக்குங்க. எடம் இருந்தா சொல்லுங்க" என்றார். இடம் இருந்தால் நாங்கள் ஏன் மனு கொடுக்கிறோம்?

இந்த ஒரு வாக்கியம் அன்றிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. எது நகரும், எது நகராது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? சாலை நகராது. சுடுகாடு நகரும். ஏன்?

*

நைனாவின் பதினாறாம் நாள் காரியம் ஆகஸ்ட் 31ஆம் தேதி நடந்தது. மறுநாள் ஞாயிறு இரவு, சொந்தக்காரர்கள் பாதிப்பேர் இன்னும் வீட்டில்தான் இருந்தார்கள். என் அண்ணன் மகன் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டு கத்தினான். சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 கார் பந்தயம். இரவு வெளிச்சத்தில் சாலை வெள்ளி மாதிரி மின்னியது. பெரும்பாக்கத்திலிருந்து வந்திருந்த என் அத்தை எட்டிப் பார்த்தார்.

"டேய், இது இன்னாடா, நம்ம தீவுத்திடல் மாதிரி கீது?"

"தீவுத்திடலேதான் ஆயா."

அத்தை போனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். கார்களைப் பார்க்கவில்லை. கார்களுக்குப் பின்னால் இருந்த இருட்டைத் தேடினார். "அந்தாண்ட ஆத்தோரமாத்தான் நம்ம வூடு இருந்துச்சு. இவன் காட்ட மாட்டேங்கறான் பாரு" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

தீவுத்திடலை ஒட்டிக் கூவம் கரையில் இருந்த சத்தியவாணிமுத்து நகர்தான் அத்தையின் ஊர். தலித் சமூகத்திலிருந்து வந்து அமைச்சரான ஒரு பெண் தலைவரின் பெயர் வைத்த நகர். 2019 டிசம்பர் கடைசியிலிருந்து அங்கிருந்த குடும்பங்களை அகற்றினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வருஷம் நடுவில். கூவத்தைச் சீரமைக்கிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். கார் பந்தயத்துக்காக அவர்களை அகற்றவில்லை, அதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாத குற்றத்தைச் சுமத்தி இருக்கிற குற்றத்தை நழுவவிடக் கூடாது. ஆனால் ஒரே திடலின் பக்கத்திலிருந்து மனிதர்கள் வெளியே மாற்றப்பட்டார்கள், அடுத்த ஐந்து வருஷத்துக்குள் அதே திடலுக்கு ஒரு பந்தயம் உள்ளே மாற்றப்பட்டது. இந்த இரண்டு இடமாற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் பந்தயத்தின் கதையைச் சொல்கிறேன். சென்னையின் கார் பந்தயம் ஒருமுறை அல்ல, இருமுறை இடம் மாறியது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. அங்கேதான் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. ராஜா வீட்டுப் பிள்ளைகளும் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் ஓட்டினார்கள், ஜனங்கள் வெயிலில் நின்று பார்த்தார்கள். ஆனால் அது பந்தயத்துக்கென்று போட்ட பாதை அல்ல. அதனால் கிளப் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று ஒரு தடம் அமைத்துக்கொண்டது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளம். 1990லிருந்து பந்தயம் அங்கே நடக்கிறது.

அடுத்தது 2023இல் அறிவிக்கப்பட்டது. சென்னைக்கு நடுவிலேயே, தீவுத்திடலைச் சுற்றி, பொதுச்சாலைகளையே தடமாக்கி 3.5 கிலோமீட்டருக்கு இரவுப் பந்தயம். தனியார் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தியது. 2023 டிசம்பர் 9, 10 என்று நாள் குறித்தார்கள். மிக்ஜாம் புயல் வந்து சென்னை மூழ்கியது, பந்தயம் தள்ளிப்போனது. உயர்நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. பந்தயத்தைத் தடுக்க மாட்டோம் என்று 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது, ஆனால் அரசு செலவழித்த 42 கோடி ரூபாயை நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனைகளை உச்சநீதிமன்றம் 2025இல் நீக்கிவிட்டது.

பந்தயத்தை எதிர்த்தவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில்தான் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் இருக்கிறதே, அங்கே நடத்தினால் என்ன? பக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, சத்தம் ஆகாது; போக்குவரத்து முடங்கும்; வெள்ளத்தில் தவித்த ஜனங்களுக்குச் செலவழிக்க வேண்டிய பணம். இவை எல்லாம் சரியான வாதங்கள்தான். நானும் கூட்டங்களில் இப்படியே பேசியிருக்கிறேன். அத்தை போனைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் என் வாதத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது.

"நகரத்துக்குள் வேண்டாம், வெளியே கொண்டுபோ" என்று நாம் சொல்கிறோம். அந்த 'வெளியே' என்பது என்ன இடம்? ஆள் இல்லாத இடமா? சோழவரத்தில் ஆள் இல்லையா? இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றி ஊரும் இல்லையா, சேரியும் இல்லையா? அங்கே கைக்குழந்தை தூங்காதா? நகரத்துக்கு ஆகாத சத்தம் அவர்கள் காதுக்கு மட்டும் ஆகுமா? குப்பையைக் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் கொண்டுபோனவர்கள் சொன்னதும் இதைத்தான். கூவக்கரை ஜனங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியவர்கள் சொன்னதும் இதைத்தான். வேண்டாததை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு உள்ளே சுத்தமாக இருப்பது என்கிற இந்தப் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? ஊர் என்று ஒன்றை வகுத்து, அதற்கு வெளியே சேரி என்று ஒன்றை வைத்தவர்களிடமிருந்து வந்தது. அதே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அரசை எதிர்க்கிற இடத்திலிருந்து நானும் பேசியிருக்கிறேன் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

*

அந்தப் பந்தயத்தில் நடந்த இரண்டு விஷயங்களை இங்கே சொல்ல வேண்டும்.

ஒன்று. எஃப்.ஐ.ஏ. என்று உலகம் முழுக்க மோட்டார் பந்தயங்களுக்கு விதி செய்கிற அமைப்பு இருக்கிறது. தடுப்புச் சுவர் சரியா, வளைவு சரியா, விபத்து நடந்தால் ஆள் போய்ச் சேர வழி இருக்கிறதா என்று அவர்கள் ஆள் பார்த்துச் சான்றிதழ் தந்தால்தான் வண்டி ஓடலாம். ஆகஸ்ட் 31 மதியத்துக்குள் அந்தச் சான்றிதழ் வேண்டும் என்றது நீதிமன்றம். மழையால் வேலை தாமதமானது. இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டார்கள், நீதிமன்றம் கொடுத்தது. சனிக்கிழமை நடக்க வேண்டியதில் பெரும்பகுதி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உயிர் விஷயம். 2023ஆம் வருஷம் இருங்காட்டுக்கோட்டையிலேயே கார் பந்தயத்தில் ஒருவரும், பைக் பந்தயத்தில் பதிமூன்று வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்துபோனார்கள். அந்தப் பையனின் தாய்க்கு முன்னால் எந்தச் சான்றிதழும் அதிகம் இல்லை.

இன்னொன்று. நாய் ஒன்று தடத்துக்குள் புகுந்துவிட்டது. ஓட்டத்தை நிறுத்தினார்கள். நாய் வெளியே போகும்வரை அவ்வளவு வேகமான கார்கள் காத்திருந்தன. அண்ணன் மகன் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து நாளைக்கு முன்னால் நைனாவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

இப்போது அத்தை சொன்னதைக் கேளுங்கள். "வண்டி வந்து நின்னுச்சு. சாமானை ஏத்துன்னான். நான் இட்லி கடை வெச்சிருந்தேன், அடுப்பு சூடா இருந்துச்சு. இறக்கி வெக்கறதுக்குள்ள ஏத்திட்டான்." பெரும்பாக்கத்தில் மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு. தண்ணீர் வரும், கதவு இருக்கிறது, கூரை ஒழுகாது. அத்தை அதை மறைக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி யார் வந்து அவரிடம் இட்லி வாங்குவார்கள்? வீட்டு வேலைக்குப் போன மகள், விடியற்காலை பஸ்ஸுக்கு நின்று நின்றே வேலையை விட்டுவிட்டாள். பேரன் படிப்பு நடுவில் அறுந்தது.

ஒரு கார் ஓடுவதற்கு முன்னால் அந்த இடம் அதற்குத் தகுந்ததா என்று யாரோ ஒருவர் முட்டிபோட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஓர் இட்லிக் கடை ஓடுவதற்கு அந்த இடம் தகுந்ததா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் யார்? பள்ளிக்கூடம் இருக்கிறதா, பிழைப்பு இருக்கிறதா, பஸ் இருக்கிறதா என்று பார்க்கும்வரை வண்டியை ஏற்றாதே, இன்னும் நான்கு மணி நேரம் அவகாசம் என்று சொன்னவர் யார்?

*

இது புதிய அநியாயம் அல்ல. 1891இல் எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சோழவரமும் ஸ்ரீபெரும்புதூரும் எங்கள் கடப்பாக்கமும் அன்றைக்கு ஒரே மாவட்டம். அவர் கண்டுபிடித்த விஷயங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. சேரி ஜனங்களுக்குக் குடியிருக்கிற மனைகூடச் சொந்தம் இல்லை. மிராசுதாரர் நினைத்தால் குடிசையிலிருந்து கிளப்பிவிடலாம். கூலி போதாது என்று வாயைத் திறந்தால், "மனையைக் காலி பண்ணு" என்பான். இந்தப் பயத்தில்தான் அடிமைத்தனம் நின்றது. அதற்குப் பிறகுதான் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்குகிற ஆணை வந்தது. மாமல்லபுரம் பக்கம் காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடித்தான் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

நிலம் என்றால் விளைச்சல் மட்டும் அல்ல. "என்னைக் கேட்காமல் என்னை இங்கிருந்து கிளப்ப முடியாது" என்று சொல்கிற தைரியம் அது. அந்தத் தைரியம் யாருக்கு இல்லையோ அவர்கள்தான் இந்த நாட்டில் நகர்கிறவர்கள்.

இங்கே ஒரு தோழர் என்னை மறிக்கலாம். "அப்படியானால் இருக்கிற இடத்திலேயே இருப்பதுதான் நியாயமா? சேரியில், கூவக் கரையில், கொசுவில்?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. நாம் இடத்தைக் கும்பிடுகிறவர்கள் அல்ல. கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று நமக்குச் சொன்னவரே அம்பேத்கர்தான். 1942இல் நாகபுரி மாநாட்டில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1947இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையிலும் அந்தக் கோரிக்கை இருக்கிறது. லட்சக்கணக்கான ஜனங்களை இடம் மாற்றச் சொன்ன கோரிக்கை அது. ஆனால் அதைக் கேட்டவர்கள் யார்? போக வேண்டியவர்களே கேட்டார்கள். போகிற இடத்தில் தங்களுக்கு நிலம் வேண்டும் என்று சேர்த்தே கேட்டார்கள். போவது வேறு, போக்கடிக்கப்படுவது வேறு. வண்டி ஒன்றாகவே இருக்கலாம், சாமான் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றில் நான் ஆள், இன்னொன்றில் நானும் சாமான்.

இதில் நம் ஆட்கள், அவர்கள் ஆட்கள் என்று பார்த்து நியாயம் பேசவும் கூடாது. 2011இல் கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா 1 பந்தயம் முதன்முதலாக நடந்தபோது உத்தரப் பிரதேசத்தின் முதலமைச்சர் மாயாவதி. நிலத்துக்குத் தந்த விலை போதாது என்று அந்தப் பகுதி விவசாயிகள் போராடினார்கள். மூன்று வருஷம் நடந்தது பந்தயம், 2013க்குப் பிறகு நின்றுபோனது. பந்தயம் எழுந்து வேறு நாட்டுக்குப் போய்விட்டது. நிலம் எழுந்து பழைய உழவனிடம் போகவில்லை. நாற்காலியில் நம்மவர் இருந்தார் என்பதற்காக அந்த உழவனிடம் நான் வேறு கணக்குச் சொல்ல முடியாது.

தென்னாப்பிரிக்காவில் கயலாமி என்று ஒரு பந்தயத் தடம். 1967இல் ஈஸ்ட் லண்டன் என்கிற கடற்கரை நகரத்திலிருந்து அந்த நாட்டின் பெரிய பந்தயத்தை அங்கே மாற்றினார்கள். சூலு மொழியில் அந்தப் பெயருக்கு 'என் வீடு' என்று அர்த்தம். கறுப்பு மக்களின் குடியிருப்புகளை இடித்து அவர்களை நகரத்துக்கு வெளியே ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த அரசாங்கம், அவர்கள் பாஷையில் 'என் வீடு' என்று பெயர் வைத்த தடத்தில் உலகத்தைக் கூப்பிட்டுக் கார் ஓட்டியது. 1985இல் இரண்டு பிரெஞ்சு அணிகள் வர மறுத்தன. அதன்பின் 1992வரை அங்கே ஃபார்முலா 1 நடக்கவில்லை. பந்தயம் இங்கே நடக்கலாமா என்பதைச் சத்தத்தையும் போக்குவரத்தையும் தாண்டிய ஒரு காரணத்தை வைத்தும் கேட்கலாம் என்பதற்கு இது ஒரு சாட்சி.

*

நான் தமிழ் படித்தவன். எங்கள் இடைக்கழிநாடு சங்க இலக்கியத்தில் பெயர் வாங்கிய மண். சிறுபாணாற்றுப்படை பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துதல். போய் வந்தவன், போகப் போகிறவனிடம் உட்கார்ந்து, இந்த வழியில் போனால் இன்ன ஊர் வரும், அங்கே உனக்கு இன்ன சோறு கிடைக்கும் என்று சொல்லி அனுப்புகிறான். பசித்த பாணனை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் போகிற இடத்தில் அடுப்பு எரிகிறது என்று அனுப்புகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. கல்லூரியில் இதை ஒரு இலக்கிய வகை என்று மனப்பாடம் செய்தேன். இன்று இதில் எனக்கு ஓர் அறம் தெரிகிறது. போகிற இடத்துச் சோற்றுக்கு வழி தெரியாமல் ஒருவரை எழுப்பி அனுப்பாதே. நம் காலத்து அரசுகள் ஆற்றுப்படுத்துவதில்லை. அப்புறப்படுத்துகின்றன.

அண்ணன் மகன் அன்று ராத்திரி என்னைக் கேட்டான்: "அப்ப ரேஸை எங்கதான் வெச்சுக்கணும்னு சொல்ற சித்தப்பா?" அவனுக்குக் கார் பிடிக்கும். எனக்கும் அன்று பார்க்கப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அந்த வேகத்தில் ஒரு அழகு இருக்கிறது. அது பணக்காரன் வீட்டுச் சொத்து என்று விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனசில்லை. நான் சொன்னேன்: "எங்க வேணா வெச்சுக்கட்டும்டா. அங்க இருக்கறவங்களை உக்கார வெச்சுக் கேட்டுட்டு வெச்சுக்கட்டும். வாணாம்னு அவங்க சொன்னா அது வாணாம்தான்னு எடுத்துக்கணும்." "தீவுத்திடல்ல யாரைக் கேப்பாங்க? அங்கதான் யாருமே இல்லியே" என்றான். அத்தை பாயில் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று நினைக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையை நான்கு வழியாக்குகிற வேலை எங்கள் பக்கம் நடக்கிறது. சாலை இன்னும் அகலமாகும், வண்டி இன்னும் வேகமாகும். பாடையோடு நிற்கிற நேரமும் கூடும். காலனியில் கூடிப் பேசி மறுபடியும் ஒரு மனு எழுதினோம். பழைய மனுவில் "தயவுகூர்ந்து" என்று தொடங்கியிருந்தேன். இந்த முறை அதை எடுத்துவிட்டேன். சுடுகாட்டை மாற்ற எங்களுக்குச் சம்மதம் இல்லை, சாலைக்கு அடியில் வழி வேண்டும் என்பது முதல் வரி. சாலை போட அளக்க வருகிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து உட்கார்ந்து எங்களோடு பேசிவிட்டு அளக்க வேண்டும் என்பது இரண்டாவது வரி. படித்துக் காட்டியபோது பறை அடிக்கிற பெரியவர் இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: "நாங்க பொணத்தைத் தூக்கினு வரசொல்ல வண்டிங்க நிக்கணும்னு எழுது." அதையும் எழுதியிருக்கிறேன்.